செல்லக்கனியின் முறை

கை இன்னும் வரவில்லை. எப்சிபா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, இடது முழங்காலை அந்தக் கைக்காகவே தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம், பியூலா வீட்டு ஹால், கோரைப்பாய், அதில் வட்டமாக நாலு பெண்கள், சங்கிலி ஜெபம். ஒருத்தி ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவளின் முழங்காலைத் தொடுவாள், தொடப்பட்டவள் ஆரம்பிக்க வேண்டும். வாய் வராதவள் அந்தத் தொடுதலை அப்படியே அடுத்தவளுக்குக் கடத்திவிடலாம், ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், எல்லாரும் கண்ணை மூடியிருப்பதால் யார் கடத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது என்று ஒரு பாவனை வேறு. ரோஸ்லின் தேசத்துக்காகவும் தலைவர்களுக்காகவும் ஜெபித்து முடித்தாள். பியூலா வழக்கம்போல அழுது முடித்தாள். அடுத்தது செல்லக்கனி. இந்தக் கூட்டத்துக்கு வர ஆரம்பித்து நாலு வருஷமாக அவள் செய்வதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், தன்னைத் தொட்ட மறு நொடி டீச்சரின் முழங்காலைத் தொட்டுவிடுவது, சூடான பாத்திரத்தை அடுத்தவர் கையில் தள்ளிவிடுகிற அவசரத்தில். வட்டத்தில் டீச்சர்தான் கடைசி. செல்லக்கனிக்கும் சேர்த்து ஜெபித்து, கூட்டத்தையும் முடித்து வைப்பாள். இன்றைக்கு அந்தக் கையும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. மின்விசிறி மட்டும் டொக் டொக்கென்று தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

வரட்டும், பொறுத்திருப்போம் என்று நினைத்தாள், ஆனால் வாய் பொறுக்க வேண்டுமே. ஆயுசு முழுக்க மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொன்ன வாய் அது. ஒரு பிள்ளை எழுந்து நின்று திருதிருவென்று முழித்தால் போதும், பதிலின் முதல் எழுத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும். கா, காவி, என்று இழுத்ததும் பிள்ளை காவிரி என்று கத்தும், பிள்ளைக்குச் சந்தோஷம், டீச்சருக்குச் சந்தோஷம், பின்னால் உட்கார்ந்து பார்க்கிற அதிகாரிக்கும் சந்தோஷம். பணி ஓய்வு பெற்றபோது மாலை போட்டு அனுப்பினார்கள், வாய்க்கு யாரும் ஓய்வு கொடுத்து அனுப்பவில்லை. இப்போதும் நாக்கு நுனியில் 'ஸ்தோ' வந்து நின்றது. ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று ஆரம்பி கனி, மற்றதெல்லாம் தன்னால் வரும். காதோரமாகச் சொல்லிவிடலாமா? கூடாது. இன்றைக்கு மட்டும் கூடவே கூடாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவளைப் பிடித்து நிறுத்திச் சொன்னது யார்? "கனி, இன்னைக்கு நீ ரெண்டு வரி ஜெபிச்சிரு. ஜெபிச்சிட்டன்னா நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் உன் பேர ஐயருகிட்ட குடுத்திருதேன்." குருவானவரை இந்தப் பக்கத்தில் ஐயரு என்றுதான் சொல்வார்கள். "இல்லன்னா டீச்சர்?" என்று கேட்டாள் செல்லக்கனி. "இல்லன்னா எப்படிம்மா குடுக்க?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், பயமுறுத்துகிற மாதிரி எல்லாம் சொல்லவில்லை, செல்லமாகத்தான் சொன்னாள். செல்லக்கனி செருப்பை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, "சரி டீச்சர்" என்றாள். அந்தச் 'சரி'யில் என்ன இருந்தது என்று இப்போது யோசித்தால் பிடிபடவில்லை. அந்தப் பிள்ளை எதற்கும் சரி என்றுதான் சொல்லும்.

பிஷப் அடுத்த மாதம் வருகிறார், திடப்படுத்தல் ஆராதனை. அவர் தலையில் கை வைத்து ஜெபித்த பிறகுதான் ஒருவர் நற்கருணைக்குப் போகலாம், அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கலாம். பெண்களைத் தயார் செய்கிற வேலை பல வருஷமாக எப்சிபா டீச்சருடையது. "உங்களுக்குத் திருப்தின்னா எனக்கும் திருப்திம்மா" என்று ஐயரு சொல்லிவிட்டார், அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்பதில்லை. முன்னால் இருந்த ஐயரும் இதையேதான் சொன்னார். செல்லக்கனியின் பெயரை டீச்சர் இதற்கு முன் இரண்டு தரம் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறாள். முதல் தரம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய விசுவாசப் பிரமாணம் பாதியில் தடம் புரண்டது, சரி, அது நியாயம்தான். இரண்டாம் தரம் அதெல்லாம் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னாள். ஆனாலும் வாய் திறந்து ஜெபிக்கத் தெரியாதவளை எப்படி அனுப்புவது என்று டீச்சருக்கு மனசு ஒப்பவில்லை. ஜெபிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, ஐயரு சொல்லவில்லை, பிஷப்பும் கேட்கப்போவதில்லை. அது டீச்சர் போட்ட சட்டம். ஆள் கணக்குக்கு அனுப்புகிறவள் இல்லை எப்சிபா, பக்குவப்படுத்தித்தான் அனுப்புவாள், அப்படித்தானே ஊரில் பேர் எடுத்திருக்கிறாள். இதோ இருக்கிறாளே ரோஸ்லின், மாமியாரோடு சண்டை போட்டுத் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினவள், இன்றைக்கு அதே மாமியாருக்குப் படுக்கையில் கஞ்சி ஊட்டுகிறாள். பியூலா முன்பெல்லாம் கோயிலுக்கு வருவதே புதுச்சேலை காட்டத்தான், இப்போது உபவாச நாளில் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. வீடு வீடாக ஏறி இறங்கி, வெயிலில் நடந்து, சாத்தின கதவைத் தட்டி, தட்டின கதவு திறக்காமல் உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தால் அதையும் கேட்டுக்கொண்டு நின்று, அப்படி வளர்த்த ஆத்துமாக்கள். எல்லாம் கர்த்தர் செய்தது என்று வாய் சொல்லும், சொல்லிப் பழகிய வாய். உள்ளே எங்கேயோ ஒன்று மட்டும், நீ இல்லாவிட்டால் நடந்திருக்குமா எப்சி, என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதை அடக்க அவளுக்குத் தெரிந்தது இன்னும் கொஞ்சம் வேலை செய்வது ஒன்றுதான்.

சமையல்கட்டிலிருந்து பால் வாசனை வந்தது. கூட்டம் முடிந்ததும் டீக்கு என்று பியூலா அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள், தீயைக் குறைத்தாளோ என்னவோ. பாய் சரசரத்தது, பியூலாதான் அசைகிறாள், ஜெபத்தின் நடுவில் எழுந்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கவும் முடியாமல் தவிக்கிறாள் பாவம். தெருவில் பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்கு என்று ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ ஒன்று மெதுவாகப் போனது, நின்றது, மறுபடி போனது. செல்லக்கனி மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறதா என்று டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தாள். கேட்டது. அழுகிறாளோ? அழுதால் மூக்கை உறிஞ்சுவாளே. மயக்கம் கியக்கம் வந்துவிட்டதோ, காலையில் ஐந்து மணிக்கே கம்பெனி வண்டிக்கு ஓடுகிறவள், மத்தியானம் என்ன சாப்பிட்டாளோ. கண்ணைத் திறந்து பார்த்துவிடலாம், ஒரு கண் போதும். பார்த்தால் அவளும் கண்ணைத் திறந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பாளோ என்று திடீரென்று ஒரு பயம் வந்தது, இன்னது என்று சொல்ல முடியாத பயம். டீச்சர் கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

முதல் ஞாயிறுகள் நினைவுக்கு வந்தன, நற்கருணை ஞாயிறுகள். பெண்கள் பக்கம் வரிசை வரிசையாக எழுந்து போகும், பாடல் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும், போகிறவர்கள் எல்லாரும் கைப்பையைச் செல்லக்கனியிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், கைக்குழந்தையையும் கொடுத்துவிட்டுப் போவார்கள், "கொஞ்சம் பாத்துக்கிடு கனி." அவள்தான் எழுந்து போக மாட்டாளே. மடியில் ஒன்று, தோளில் ஒன்று, சுற்றிலும் பைகள், காலியான பெஞ்சுகளுக்கு நடுவில் அவள் ஒருத்தி. ஆண்கள் பக்கத்திலிருந்து அவள் புருஷன் ஆசீர் போவான், லோடு வண்டி ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை. முழங்கால் போட்டு வாங்கிவிட்டு, கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு வருவான், வரும்போது தன் பெண்டாட்டி இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்ப்பான். வருந்துகிற பார்வையா, வெட்கப்படுகிற பார்வையா, டீச்சர் ஒருநாளும் நின்று கவனித்தது இல்லை. அவளும்தான் தன் பையைச் செல்லக்கனியிடம் கொடுத்துவிட்டுப் போகிறவள். திரும்பி வந்து வாங்கும்போது, "சீக்கிரம் நீயும் வரணும் கனி, ஜெபிக்கப் பழகு" என்பாள். ஒவ்வொரு தரமும் சொல்லியிருக்கிறாள். பையைக் கையில் வாங்கிக்கொண்டு.

ஏன்தான் இந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை? கல்யாணத்துக்குப் பிறகு இந்த விசுவாசத்துக்குள் வந்தவள், பிறந்த வீட்டில் ஜெபம் கேட்டு வளராதவள், அதனால் கூச்சம் என்று எல்லாரிடமும் டீச்சர் விளக்கம் சொல்லியிருக்கிறாள். அது சரியான விளக்கம்தானா? வந்த புதிதில் ஒரு தரம் ஜெபித்தாளே. ஜெபித்தாளா? ஆமாம், ஜெபித்தாள், எப்படி மறந்து போனது இது, இதே ஹால், இதே வட்டம், பியூலா தொட்டதும் கடத்தாமல், ஒரு முன்னுரையும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள், "சாமி, என் கை எரியுது." இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க ஐஸ் தண்ணீருக்குள் கை, இறாலின் முள் குத்தினால் குத்தின இடம் வெடித்து ஆறாமல் கிடக்கும், உப்புப் பட்டால் உயிர் போகும். "கையுறை கேட்டா சூப்பர்வைசர் ஏசுதாரு சாமி, அவருக்கும் ஒரு நாளைக்கு இப்படி எரியணும், அப்பத்தான் தெரியும்." ரோஸ்லின் களுக்கென்று சிரித்துவிட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை, அவள் அப்படி எல்லாம் சிரிக்கிறவள் இல்லை, மெதுவாகச் செல்லக்கனியின் தோளைத் தட்டி நிறுத்தினாள். "ஜெபம்னா ஒரு ஒழுங்கு இருக்கு கனி. முதல்ல ஸ்தோத்திரம் சொல்லணும். பெறகு நம்ம பாவத்த அறிக்கை பண்ணணும். அதுக்குப் பெறகு மத்தவங்களுக்காக, சபைக்காக, வியாதிக்காரங்களுக்காக. நமக்காகக் கேக்குறது கடைசியில. யாரையும் சபிக்கவும் கூடாது." அவ்வளவுதான் சொன்னது. தப்பாக என்ன இருக்கிறது அதில்? அதைத்தான் அப்பா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார், அதைத்தான் அவள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாள். செல்லக்கனி அன்றைக்கும் "சரி டீச்சர்" என்றாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் கடத்த ஆரம்பித்தாள். நாலு வருஷம். கைக்கு மருந்து வாங்கினாயா என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்ட ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால் ஞாபகம் இருக்கும்.

அட ஆண்டவரே, இது என்ன வேளை கெட்ட வேளையில். நினைப்பு ஒரு இடத்தில் கால் வைத்தால் அடுத்து எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் அவள் சும்மா உட்காருவதே இல்லை, ஜெபக்கூட்டம், ஆஸ்பத்திரி சந்திப்பு, ஞாயிறு பள்ளி, ஏதாவது ஒன்று. சும்மா உட்கார்ந்தால் வார்டு வந்துவிடும். இதோ வந்துவிட்டது. ஜெயசிங் சார், அவள் வீட்டுக்காரர், இரும்புக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், மூக்கில் குழாய். கட்டிலின் பக்கத்தில் நின்று அவள் ஜெபிக்கிறாள், ஒழுங்காக, ஸ்தோத்திரத்தில் தொடங்கி, பக்கத்துக் கட்டில்காரர்களும் கை கூப்பிக் கேட்கிற மாதிரி, வார்த்தை மடமடவென்று வருகிறது, வேற்று மதத்து அம்மா ஒருத்திகூட, "எங்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கம்மா" என்று கேட்டாள். அவர் கையை லேசாகத் தூக்கினார். "எப்சி, கொஞ்சம் சும்மா இரு. நானே சொல்லிக்கிடுதேன்." முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அவளிடம் சும்மா இரு என்று சொன்னது இல்லை. அவள் நிறுத்தினாள். அவர் உதடு அசைந்தது, சத்தம் இல்லை, என்னவோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட வேண்டியதுதானே? விட முடிந்ததா? அந்த மௌனம் அவளை என்னமோ செய்தது, போய்விடுவாரோ, அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவாரோ, சரியாகச் சொல்கிறாரோ இல்லையோ, என்று நெஞ்சு பதைத்து அவள் மறுபடி ஆரம்பித்துவிட்டாள், முன்னைவிடச் சத்தமாக. அவர் உதடு நின்றுபோனது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில், அதுதான் தாங்கவில்லை, மழை வந்ததும் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவரின் முகம். மறுநாள் போய்விட்டார். அன்றைக்கு அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்? யாரிடம் போய்க் கேட்பது? கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்கலாம் என்றால், அவரிடம் அவளுக்கு இப்போதெல்லாம் பேச்சு வார்த்தை இல்லை.

இதுதான் ஒருவருக்கும் தெரியாத சங்கதி. காலையில் எழுந்ததும் கட்டிலோரம் முழங்கால் போடுவாள், அவர் போன இந்த இரண்டு வருஷத்திலும் ஒருநாள் தவறியது இல்லை. ஸ்தோத்திரம் வரும், பாவ அறிக்கை வரும், ரோஸ்லின் மாமியார், பியூலாவின் மகன் வேலை, ஐயரின் சர்க்கரை வியாதி, எல்லாம் வரிசையாக வரும். கடைசியில் தனக்காகக் கேட்கிற இடம் வந்ததும் ஒன்றுமே வராது, மூடின கடை முன்னால் நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் முழங்காலிட்டு இருந்துவிட்டு எழுந்துவிடுவாள். முழங்கால் வலி என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். கூட்டத்தில் மட்டும் மடைதிறந்த மாதிரி வரும், கேட்கிறவர்கள் கண்ணீர் விடுவார்கள், "டீச்சர் ஜெபிச்சா ஆண்டவர் பக்கத்துல வந்து நிக்க மாதிரி இருக்கு" என்பாள் பியூலா. கேட்கும்போது டீச்சருக்குக் கூசும். கூசினாலும் அடுத்த வாரமும் அதே மாதிரி ஜெபிப்பாள். வேறு எப்படி ஜெபிப்பது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? இப்படிப்பட்டவள்தான் இந்தப் பிள்ளையை வாய் திறந்தால்தான் பேர் கொடுப்பேன் என்று வாசலில் நிறுத்தி வைத்துச் சொல்கிறாள். இவள் வாய் திறந்து, அது நிஜமாக இருந்துவிட்டால்? அந்தப் பயம்தானா இத்தனை நாளும்? சே, என்ன நினைப்பு இது, நான் அவள் நல்லதுக்குத்தான். அவள் நல்லதுக்குத்தான். இரண்டாம் தரம் சொன்னபோது அது முதல் தரத்தைவிடப் பலவீனமாகக் கேட்டது.

பால் தீய்கிற நாற்றம். பியூலா இரண்டு தரம் செருமினாள். டீச்சர், முடிச்சிருங்க, என்று அதற்கு அர்த்தம். முடித்துவிடலாம், எத்தனை தரம் முடித்திருக்கிறாள், ஒரு வாக்கியம் போதும், எங்கள் அன்பு சகோதரியின் உள்ளத்தின் வாஞ்சையை நீர் அறிந்திருக்கிறீர் ஆண்டவரே என்று எடுத்தால் செல்லக்கனி பிழைத்தாள், பியூலாவின் பாத்திரம் பிழைத்தது, டீச்சரும் பிழைத்தாள். உதடு பிரிந்துவிட்டது. மூச்சையும் இழுத்துவிட்டாள். கட்டிலில் அசைந்து நின்றுபோன அந்த உதடு கண்ணுக்குள் வந்தது. டீச்சர் இழுத்த மூச்சை அப்படியே வைத்துக்கொண்டு, உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள், வலிக்கிற மட்டும் கடித்தாள். எரியட்டும் பால். ஒரு படிப் பாலுக்கு நான் காசு கொடுத்துவிடுகிறேன். பேசு கனி. பேசாவிட்டாலும் போ, நான் வாயைத் திறக்க மாட்டேன்.

"சாமி," என்றாள் செல்லக்கனி.

சின்னக் குரல். "சாமி, நாந்தான், செல்லக்கனி. உங்ககிட்ட பேசாம நான் ஒரு நாளும் இருந்ததில்ல, அது உங்களுக்கே தெரியும். கம்பெனியில ஐஸுக்குள்ள கைய விட்டதும் பேச ஆரம்பிப்பேன். வண்டியில வரும்போதும் பேசிக்கிட்டுத்தான் வருவேன், ஜன்னலோரம் கெடச்சா இன்னும் நல்லாப் பேசுவேன். இங்க வந்து உக்காந்தா மட்டும் வர மாட்டேங்கு. பக்கத்துல டீச்சர் இருக்காங்க. நான் சொல்லுததுல எது தப்புன்னு பாத்துக்கிட்டு இருப்பாங்களோன்னு நெஞ்சு அடிக்கு. டீச்சர் நல்லவங்க சாமி. என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்போ ராத்திரி முழுக்க எங்கூட இருந்தது அவங்கதான். ஆனா அவங்க மேல எனக்குக் கோவம் உண்டு, இல்லன்னு சொன்னா பொய். இன்னைக்கு ஜெபிச்சாத்தான் பேரு குடுப்பேன்னுட்டாங்க. அதுக்காக ஜெபிச்சா அது உங்ககிட்ட பேசுனதா ஆகுமா, எனக்குத் தெரியல. அதான் இவ்வளவு நேரம் யோசிச்சேன். எனக்கு ஆச இருக்கு சாமி. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல முழங்கால் போட்டு அந்த அப்பத்த வாங்கணும்னு எவ்வளவு ஆசன்னு உங்களுக்குத் தெரியும். கெடைக்கலன்னாலும் சரி, பிள்ளைகளத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கேன். ஆனா அடுத்த சனிக்கிழமையிலருந்து நான் இங்க வரல. இங்க வந்து வந்து, உங்ககிட்ட பேசவே பயம் வந்திருமோன்னு இருக்கு. இத டீச்சர்கிட்ட நேருக்கு நேரா சொல்ல எனக்கு தைரியம் இல்ல, அதான் உங்ககிட்ட சொல்லுதேன். கை இன்னைக்கும் எரியுது. ஆமென்."

பியூலா செருமவில்லை. கை வந்தது, முழங்காலில், சேலைக்கு மேலேயே தெரிகிற குளிர்ச்சி, தொட்டுவிட்டு உடனே போய்விட்டது. டீச்சரின் முறை. முதலில் சுள்ளென்று கோபம்தான் வந்தது, மறைப்பானேன், நாலு வருஷம், வெயிலென்று பார்த்தேனா, மழையென்று பார்த்தேனா, நன்றி கெட்ட ஜென்மம், இத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாளே. அந்தக் கோபம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள்ளேயே அதற்குக் காலில் பலம் இல்லாமல் போயிற்று. இவள் என்னைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நான் பக்கத்தில் இருக்கும்போதே என்னைத் தாண்டி, நேராக அவரிடம் பேசினாள். இதற்குத்தானே வீடு வீடாக நடந்தேன். இதற்குத்தானே கதவு தட்டினேன். ஒரு ஆத்துமா தன் காலில் நின்று, தன் வாயால், தன் கோபத்தையும் ஆசையையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைக்க வேண்டும் என்றுதானே. வைத்துவிட்டாள். அது இந்த வட்டத்தில் என்னால் வரவில்லை, என்னை மீறி வந்தது, வந்த கையோடு வெளியேயும் போகிறது. டீச்சர் வாயைத் திறந்தாள். ஸ்தோத்திரம் வரவில்லை. சர்வ வல்லமையும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை, இத்தனை வருஷம் கூப்பிடாமலே வந்து நின்ற வார்த்தைகளில் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது மற்ற மூன்று பேரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவளுக்கு எடுத்துக் கொடுக்க யாருக்கும் தெரியாது, அப்படி ஒரு அவசியம் அவளுக்கு வரும் என்று யாரும் நினைத்ததே இல்லை.

"இவ போகக் கூடாது ஆண்டவரே," என்றாள்.

குரல் உடைந்துபோய் வந்தது, அவளுக்கே அது யாருடையதோ போல இருந்தது. ரோஸ்லின் அவசரமாக ஆமென் சொன்னாள், பியூலாவும் சொன்னாள். டீச்சர் மூன்றாவது ஆமெனுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. பக்கத்தில் செல்லக்கனி கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள், கோபத்தில் இல்லை, பயத்தில் இல்லை, அவளுக்குச் சம்மதமில்லாத ஜெபத்துக்கு அவள் ஆமென் சொல்லவில்லை, அவ்வளவுதான். எதற்கும் சரி சரி என்கிற பிள்ளை. டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவளைக் கையோடு பிடித்து வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, பேர் இருக்கிறது, பிஷப் இருக்கிறார், நாளைக் காலை இருக்கிறது, இன்னும் ஒரு சனிக்கிழமை வா கனி, பிறகு பார்க்கலாம் என்று சொன்னால் வந்துவிடுவாள், அப்படிப்பட்டவள்தான். வருவாள், வந்து மறுபடி கடத்துவாள்.

"சரி ஆண்டவரே," என்றாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "வாரதும் வராததும் அவ இஷ்டம். அவ பேர நாளைக்கு ஐயருகிட்ட குடுத்திருதேன். இன்னைக்கு ஜெபிச்சதுக்காக இல்ல. போன தடவையே குடுத்திருக்கணும், நான்தான் நிறுத்தி வச்சிட்டேன்." பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நிரப்ப அவளுக்கு இப்போது அவசரம் வரவில்லை. "அவரு போனதுலருந்து எனக்கு உம்மகிட்ட பேச வரல. ரெண்டு வருஷமாச்சு. இவங்க ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு வீட்டுல தனியா இருக்கப் பயமா இருக்கு."

அதற்கு மேல் இல்லை. ஆமென் சொல்ல வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. செல்லக்கனிதான் சொன்னாள்.